கொக்கிக்கு வடக்கே இரண்டு சாண்

முடி அளவுதான் இருக்கும். மின்விசிறிக் கொக்கியிலிருந்து வடக்கே இரண்டு சாண் தள்ளி, கூரையில் நேற்று நான் இழுத்த பட்டி மாவில் ஒரு விரிசல். நேற்று சாயங்காலம் இல்லை. பல்பைக் கூரையோடு ஒட்டிப் பிடித்து, ஓரக்கண்ணால் மேடு பள்ளம் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன், இல்லவே இல்லை. இன்று காலை சாரப் பலகையில் ஏறி, உப்புத்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்தால் எதிரே கிடக்கிறது. விரிசல் வருவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. பட்டியைக் கொஞ்சம் கனமாக இழுத்துவிட்டால் காயும்போது வெடிக்கும். கூரையை நனைக்காமல் இழுத்தால் வெடிக்கும். யாராவது ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டால் கடல்காற்று பட்டு ஒரே நாளில் முறுகக் காய்ந்து வெடிக்கும். இதெல்லாம் சாதாரணம், நாலு இழுப்பு தேய்த்து, விரலால் கொஞ்சம் பட்டியைத் தடவினால் போச்சு. இன்னொரு காரணமும் உண்டு. பட்டிக்கு மேலே இருக்கிற சிமென்ட் பூச்சு கான்கிரீட்டை விட்டுக் கழன்று, எதையும் பிடிக்காமல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தாலும் இப்படித்தான் முடி அளவில் ஒரு கோடு விழும். எது என்று கண்ணால் சொல்ல முடியாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தட்டிப் பார்க்க வேண்டும். பட்டி பிளேடின் மரப்பிடியால் இரண்டு தட்டு தட்டினால் ஒட்டியிருக்கிற பூச்சு டக்கென்று சொல்லும், கழன்ற பூச்சு பொத்தென்று சொல்லும். இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எவனுக்கும் பழகிவிடும். கடையில் தேங்காயைத் தட்டி வாங்குகிறோமே, அவ்வளவுதான் வித்தை. நான் காலையிலிருந்து பதினைந்து தடவை தட்டிவிட்டேன். கையில் அதிர்வு தெரிகிறது. காதில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்பதும் சரியில்லை. பம்ப் ஸ்டவ் எரிகிற மாதிரி ஒரு இரைச்சல் வலது காதில் எப்போதும் இருக்கிறது. இடது காதில் பேச்சு கேட்கும், ஆள் எதிரே நின்று முகத்தைக் காட்டினால். திரும்பிக்கொண்டு பேசினால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சல் வந்து பத்து நாள் கிடந்தேன். காய்ச்சல் போயிற்று, போகிற போக்கில் இதையும் கொண்டுபோய்விட்டது. முதலில் குக்கர் விசில் போயிற்று, பிறகு சைக்கிள் பெல், பிறகு என் பெண்டாட்டி லூர்து அடுக்களையிலிருந்து கூப்பிடுவது. கூப்பிட்டால் திரும்பாத திமிர் என்று அவள் சண்டை போடுகிறாள். போடட்டும் என்று விட்டிருக்கிறேன், திமிர் பிடித்தவன் என்று பெயர் இருந்தால் யாரும் வேலையை விட்டு நிறுத்த மாட்டார்கள். வேலை பார்க்கிற இடத்தில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். வாய் ஓயாமல் நானே பேசுவேன். பிரைமரின் மகிமை, பழைய காலத்துச் சுண்ணாம்பு, கார்ப்பரேஷன் தண்ணீர், எதையாவது. பேசிக்கொண்டே இருக்கிறவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கூட வேலை பார்த்த கொம்பையாவுக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லாமல் போயிற்று. என்னைவிட நல்ல கை. காது போனது தெரிந்த மறுநாளே சாரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள், மேலே இருக்கிறவனுக்குக் கீழே கத்துவது கேட்க வேண்டாமா என்றார்கள். இப்போது தரையில் நின்றபடி இரும்புக் கேட்டுகளைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவன் காதுப் பக்கம் குனிந்து ஏதாவது கெட்ட வார்த்தையைக் கத்திவிட்டுச் சிரிக்கிறான், அவனும் நல்லது சொல்கிறார்கள் என்று நினைத்துத் தலையாட்டுகிறான். நானும் ஒருநாள் நின்று சிரித்திருக்கிறேன். அப்போது எனக்கு இரண்டு காதும் கேட்டது.

இந்த வீட்டுப் பிரபாவதியம்மா அறை வாசலில் வந்து நிற்கிறார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் முத்திரை குத்துகிற மாதிரிதான் சொல்வார். நல்லவேளை முகத்தை நேரே காட்டிப் பேசுகிற மனுஷி. தூசிக்கு மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டால்தான் எனக்குப் பாடு. பொத்தவில்லை. "அண்ணாச்சி, இன்னைக்கு பிரைமர் அடிச்சு முடிச்சிருவியளா? நாளைக்கு மத்தியானம் பிள்ளைய டிஸ்சார்ஜ் பண்ணுதாவ." முடிச்சிருவோம்மா என்கிறேன். முதல் பிரசவத்துக்கு வந்த மகளுக்கு, சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வலி வந்து பிள்ளையும் பிறந்துவிட்டது, அதுதான் இவ்வளவு அவசரம். இந்த அறையில் பழைய டிஸ்டம்பர் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பச்சைப் பிள்ளை மேல் உதிரக் கூடாது, பெயின்டெல்லாம் பிள்ளைக்கு ஒரு வயசு ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போதைக்குச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமரோடு வெள்ளையாக நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். "வாடை போயிருமா?" தண்ணி பிரைமர்தாம்மா, பொழுது சாயுமுன்ன போயிரும், மரத்துக்கு அடிக்கிறதுதான் கொஞ்சம் நாறும், அதான் அத காலையிலயே முடிக்கச் சொல்லிட்டேன் என்று ஜன்னலைக் காட்டுகிறேன். ஜன்னலில் சொர்ணம் சட்டங்களைத் தேய்த்து, ஆணி ஓட்டைகளில் மக்கு அடைத்து, ரோஸ் நிற பிரைமரை ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷமாக என்னோடு வேலைக்கு வருகிறவள். மரவேலை முழுக்க அவள் பொறுப்பு, வாயைத் திறந்து பத்து வார்த்தை பேச மாட்டாள், எனக்கு அது ரொம்ப வசதி. பிரபாவதியம்மா அறைக்குள் இரண்டு எட்டு வைத்து அண்ணாந்து பார்க்கிறார். விரிசலைப் பார்க்கவில்லை, கொக்கியைத்தான் பார்க்கிறார். "ஃபேனுக்கு நேர கீழ கட்டில் போடக் கூடாது அண்ணாச்சி. பச்ச உடம்புக்காரிக்கு காத்து ஏறிரும், பிள்ளைக்கும் ஆவாது. இங்ஙன தள்ளிப் போடலாம்னு இருக்கேன்" என்று கையை நீட்டிக் காட்டுகிறார். வடக்கே. இரண்டு சாண், மூன்று சாண். நான் தலையை ஆட்டுகிறேன். கொம்பையா மாதிரியே ஆட்டுகிறேன்.

நாலு சுவரும் தேய்த்தாயிற்று. கூரையும் பெரும்பாலும் தேய்த்தாயிற்று. தூசி கண் இமையில், மூக்குமுடியில், எச்சிலில், மாவரைக்கும் மில்லில் நிற்கிறவன் மாதிரி நிற்கிறேன். விரிசல் இருக்கிற இடத்தை மட்டும் கை சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு தடவை உள்ளங்கையை விரிசலுக்கு இந்தப் பக்கம் வைத்து அந்தப் பக்கம் தட்டினேன். அதிர்ந்தது. கொக்கிப் பக்கம் போய்த் தட்டினேன். அங்கும் அதிர்ந்தது. இங்கே கொஞ்சம் கூடுதலோ, அல்லது கூடுதல் என்று நினைத்துக்கொண்டதால் கூடுதலோ. பிறகு மட்டம் பார்க்கிற மரச் சட்டத்தின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையைக் கூரையில் முட்டுக்கொடுத்துத் தட்டினேன். எலும்பு வழியாகக் கேட்கும் என்று எப்போதோ யாரோ சொன்னது. கடைவாய்ப்பல் கூசியதுதான் மிச்சம். திரும்பினால் சொர்ணம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ஒழியாததால் வாயில் கவ்விக்கொண்டேன் என்பது போல நடித்தேன். ஐம்பத்து மூன்று வயசில் கட்டையைக் கவ்விக்கொண்டு நடிக்கிற பிழைப்பு. அவள் தூரிகையை டர்பன்டைனில் முக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். அவளைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னால் என்ன? ஒரு நிமிஷ வேலை. ஏன் அண்ணாச்சி, நீங்கதான் தட்டுனியளே என்பாள். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். எத்தனை நாளாக என்று கேட்பாள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது, காலையிலிருந்து எந்த வழியாகப் போனாலும் அங்கேதான் போய் மாட்டிக்கொள்கிறது. இந்த வீட்டில் கேட்கவில்லை என்றால் ஆக்னஸ் வீட்டிலும் கேட்கவில்லை என்று ஆகிவிடும்.

ஆக்னஸ் தையல்காரி. கல்யாணம் கட்டாமல், கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தவள். பிரபாவதியம்மாகூட அவளிடம்தான் ஜாக்கெட் தைத்தார், நான் அந்த வீட்டில் வேலை பார்ப்பதைப் பார்த்துத்தான் என் நம்பரை வாங்கிக்கொண்டார். போன ஐப்பசி. நானும் சொர்ணமும் ஏழு நாள். பதினோரு மணியானால் ஆக்னஸ் கடுங்காப்பி கொண்டுவருவாள், கருப்பட்டி போட்டது. அவள் மெஷின் ஓடுவது எனக்குத் தரை வழியாகக் காலில் கேட்கும், அதற்காகவே அந்த வீட்டில் செருப்பில்லாமல் நின்றேன். மெஷின் போட்டிருந்த அறையின் கூரையைத் தட்டினேன். ஒழுங்காகத்தான் தட்டினேன், ஒரு சாண் விடாமல். எந்த இடத்திலும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் நான் செய்தது. கீழே நின்றிருந்த ஆக்னஸிடம், கூரை நல்லாருக்கு, பயப்படாத என்றேன். பட்டி, தேய்ப்பு, பிரைமர், இரண்டு கோட்டிங் இளமஞ்சள். வேலை முடித்து இருபத்தோராவது நாள், மழைக்கு மறுநாள், கோயிலில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கான கவுன்களுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவள் மேல் முறம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அடக்கத்துக்குப் போனேன். பழைய வீடு, பேய் மழை, என்ன செய்ய முடியும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள், அதாவது அவர்கள் உதடு பேசிக்கொண்டது. அவள் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்க எவ்வளவு அம்சமா செஞ்சு குடுத்திய அண்ணாச்சி, அனுபவிக்கக் குடுத்து வைக்கலியே" என்றான். கையை உருவிக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. ஆறுதல் சொன்னேன். பிறகு ஒரு சனிக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். குடித்தேன், பொய் சொன்னேன், பெண்டாட்டியை ஏசினேன் என்று சில்லறையாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லவில்லை. வலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் என்ன அபராதம் சொன்னார் என்பதும் கேட்கவில்லை. நானாகவே மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் விதித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆனால் ஒன்று இருக்கிறது. நான் தட்டிய அன்று அந்தப் பூச்சு நன்றாகவே இருந்திருக்கலாம். மழைத் தண்ணீர் மேலே தேங்கி, கம்பி துருப்பிடித்துப் பொங்கி, அதற்குப் பிறகு கழன்றிருக்கலாம். இருபத்தொரு நாள் என்பது நிறைய நாள். எந்தக் காது உள்ளவன் தட்டியிருந்தாலும் டக்கென்றுதான் சொல்லியிருக்கும் என்று ஆகியிருக்கலாம். அப்படியில்லாமலும் இருந்திருக்கலாம். அதை இனிமேல் யாரும் சொல்ல முடியாது, அந்தப் பூச்சு கீழே விழுந்து தூளாகி, மூட்டையில் அள்ளிக் குப்பைக்குப் போய்விட்டது. யாருக்கும் தெரியாது என்பதைத் தலைக்கு வைத்துத்தான் மூன்று மாதமாகத் தூங்குகிறேன். பாதி குற்றவாளி, பாதி ஒன்றுமில்லாதவன். பாதியோடு மனுஷன் சாப்பிடலாம், வேலைக்கு வரலாம், லூர்துவோடு டி.வி. பார்க்கலாம். சரி, தூசியைத் துடைக்கிற துணி எங்கே? துடைக்காமல் பிரைமர் அடித்தால் தோல் உரிவது மாதிரி உரிந்து வரும். ஈரத்துணியால் சுவரைத் துடைத்தேன், பிரைமரில் தண்ணீர் கலந்தேன், குச்சியால் கிண்டினேன், துணியில் வடிகட்டினேன். ஒவ்வொன்றையும் தேவைக்கு மேலே மெதுவாகச் செய்தேன். கொத்திவிடலாமா? சுத்தியலால் ஒரு போடு போட்டால் கழன்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். கழன்றதில்லை என்றால்? ஏன் நல்ல கூரையை உடைத்தீர்கள் என்று பிரபாவதியம்மா கேட்பார். மறுபடி பூச ஒரு நாள், நீரடிக்க ஒரு வாரம், நாளை மத்தியானம் பிள்ளை வருகிறது. சும்மா ஒரு சந்தேகம்மா என்றால் தட்டிப் பார்த்தால் தெரியாதா என்பார். அந்த அம்மாளுக்குக்கூட அது தெரியும். திரும்பவும் அதே கொக்கியில் வந்து மாட்டியாயிற்று. ரோலரை வாளிக்குள் இறக்கினேன். சுவர் நாலும் முடிந்து, கூரையைத் தெற்கிலிருந்து தொடங்கினேன். பிரைமருக்கு நல்லது கெட்டது தெரியாது, எதன் மேல் போட்டாலும் ஒரே வெள்ளையாகக் காட்டிவிடும். ரோலர் போகப்போக இந்தக் கூரைக்கு வயசே ஆகவில்லை என்று எனக்கே தோன்றுகிறது. கொக்கியைத் தாண்டினேன். ஒரு சாண் இருக்கிறது. மேலே பார்த்துக்கொண்டிருப்பதால் கழுத்து கடுக்கிறது, ரோலரிலிருந்து ஒரு சொட்டு கன்னத்தில் விழுகிறது, அந்தப் பிள்ளையின் முகம் எந்த அளவு இருக்கும் என்று நினைக்கிறேன், ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்டுக்கொள்ளவில்லை, ஒருவேளை பிரபாவதியம்மா சொல்லியிருப்பார். என் உள்ளங்கை அளவு இருக்கும் முகம். கை நின்றுவிட்டது.

"சொர்ணம், கொஞ்சம் மேல வா" என்றேன். அவள் உடனே தூரிகையை வைத்துவிட்டு, கையைத் துடைக்காமல் ஏறிவந்தாள். கூப்பிடுவேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. "இங்ஙன தட்டிப் பாரு" என்றேன். பிளேடை நீட்டினேன், வாங்கவில்லை. விரல் முட்டியால் கொக்கிக்குப் பக்கத்தில் ஒன்று, விரிசலுக்கு மேலே ஒன்று தட்டினாள். பிறகு பலகையில் ஒரு எட்டு நகர்ந்து என் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் பேசினாள். "பொத்துன்னு கேக்கு அண்ணாச்சி." நல்லாக் கேட்டியா என்றேன். "நல்லாக் கேட்டேன். நீங்க காலையில தட்டும்போதே கேட்டுச்சு." எனக்குக் கேக்கல சொர்ணம் என்றேன். "தெரியும்" என்றாள். "ரொம்ப நாளாத் தெரியும். அதுக்குத்தான உங்க முன்னால வந்து நின்னு பேசுதேன்." ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை, நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. பலகையைப் பார்த்துக் குனிந்தவள், குனிந்தால் எனக்குக் கேட்காது என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தாள். "ஆக்னஸக்கா வீட்டுலயும் பொத்துன்னுதான் கேட்டுச்சு அண்ணாச்சி. நான் கதவு தேச்சிட்டிருந்தேன். நீங்க நல்லாருக்குன்னு சொன்னிய. அந்த அக்கா பக்கத்துலயே நிக்கா. அவ முன்னால சொன்னா உங்க காது போச்சுன்னு நானே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன். பொறவு தனியா சொல்லணும்னு இருந்தேன். பொறவு நீங்க பிரைமர் அடிச்சிட்டிய." அவள் உதடு ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. "இன்னைக்கும் காலையிலேருந்து அந்தப் பிரைமர் வாளியத்தான் பாத்துட்டிருக்கேன். வாய் வரமாட்டேங்கி."

என்னால் அவளைத் திட்ட முடியவில்லை. திட்ட வேண்டும் என்று வந்தது, அடிக்கக்கூடக் கை வந்தது. ஆனால் என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அந்த மானத்தை நானும் அப்படித்தான் காப்பாற்றினேன், இரண்டு பேருமாகச் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறோம், நடுவில் ஆக்னஸ் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பக்கத்திலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பொத்தென்று கேட்டிருக்கிறது. டக்கென்று இல்லை. இனிமேல் பாதி கிடையாது. அழுகை வருமென்று பார்த்தேன், வரவில்லை, கழுத்து மட்டும் இன்னும் கடுத்தது. கீழே பிரபாவதியம்மா காப்பித் தட்டோடு வந்து நின்றார். கூரையைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. அறை பளிச்சென்று ஆயிட்டுது, இன்னும் அந்த ஒரு துண்டுதான் பாக்கியா என்பது போலக் கையைக் காட்டினார். சொர்ணம் என்னைப் பார்த்தாள். நான் சொர்ணத்தைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கப் போனது தெரிந்தது, நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன், ரோஸ் பிரைமர் என் கையெல்லாம் ஒட்டியது. "கட்டில இங்ஙன போடாதிய. இந்த ரூமுலயே வேண்டாம்" என்றேன். ஏன் என்று அவர் உதடு கேட்டது. "பூச்சு கழண்டு நிக்கி. எனக்குக் காது கேக்காதும்மா. ஆக்னஸ் வீட்டுலயும் கேக்கல" என்றேன். ரொம்பச் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும், பின்கட்டிலிருந்து அவர் வீட்டுக்காரர் ஓடிவந்து நின்றார், ஜன்னலுக்கு வெளியே தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நின்று உள்ளே பார்த்தார்கள்.